செயலியில் 24, அறிக்கையில் 45, கரையில் அமைதி: எந்தக் காற்றை நம்புவது?

கேள்வி இதுதான். பாம்பன் வடக்குக் கடற்கரையிலிருந்து அப்பாவும் தம்பியும் பைபர் படகில் தொழிலுக்குப் போகிறார்கள். காற்று நிலவரத்தைக் கைபேசியில் பார்த்துச் சொல்வது வீட்டில் இருக்கும் அக்காவின் பொறுப்பு. ஆடி மாதம், ஒரு புதன்கிழமை இரவு. மறுநாளுக்குச் செயலியில் காற்று 24, கஸ்ட் (இடையிடையே எகிறும் வீச்சு) 33 என்று இருந்தது. பக்கத்தில் இருந்த அம்புக்குறி வடகிழக்கைப் பார்த்து நின்றது. சென்னை வானிலை மையத்தின் மீனவர் எச்சரிக்கையோ, மன்னார் வளைகுடாவில் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் சூறாவளிக்காற்று வீசக்கூடும், மீனவர்கள் செல்ல வேண்டாம் என்றது. விடிந்ததும் கரைக்குப் போய்ப் பார்த்தால் கடல் குளம் போலக் கிடந்தது. "செயலி பாதி காற்றைச் சொல்கிறது, அறிக்கை இரண்டு மடங்காகச் சொல்கிறது, கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை. எதை நம்புவது? ஆடியில் வாடைக்கொண்டல் (வடகிழக்குக் காற்று) எப்படி வரும்?" என்று கேட்டிருக்கிறார்.

தங்கச்சி, மூன்றையும் நம்புங்கள். மூன்றும் ஒரே காற்றைத்தான் சொல்கின்றன. நான் பிறந்து வளர்ந்தது அதே தீவில்தான். பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகளுக்காகக் காற்றை அளக்கும் கோபுரங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. காற்றைக் கடலில் உடம்பாலும் கோபுரத்தில் கருவியாலும் அறிந்தவன் என்பதால், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த 24. எண்ணுக்குப் பக்கத்திலோ திரையின் ஓரத்திலோ சின்ன எழுத்தில் ஓர் அலகு இருக்கும். காற்று பார்க்கும் செயலிகள் பலவும் நாட் கணக்கில்தான் திறக்கும். ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு நாட்டிகல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். அப்படியென்றால் 24 நாட் மணிக்கு 44 கிலோமீட்டர். 33 நாட் என்பது 61 கிலோமீட்டர். இப்போது அறிக்கையில் இருந்த 45-ஐயும் 65-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே சேதி. கடலில் மனக்கணக்காகப் போட வேண்டுமென்றால் நாட்டை இரண்டால் பெருக்கி, வந்ததில் பத்தில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். 24 இரண்டு மடங்கு 48, அதில் ஐந்து போனால் 43. இது போதும்.

இன்னொரு அலகும் உண்டு. சில செயலிகளில் வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று வரும். அதே காற்று அங்கே வெறும் 12 என்று நிற்கும். அதை மணிக்கு 12 கிலோமீட்டர் என்று படித்துவிட்டு ஒருவர் படகைத் தள்ளினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். வினாடிக் கணக்கை 3.6-ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வந்துவிடும். இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம் என்றால், செயலியின் அமைப்புக்குள் போய் கிலோமீட்டருக்கு மாற்றிவிடுங்கள். அறிக்கையும் கிலோமீட்டரில் வருவதால் வீட்டில் எல்லோரும் ஒரே கணக்கில் பேசலாம். இன்று இரவே செய்ய வேண்டிய வேலை இது.

அடுத்தது அம்புக்குறி. காற்றுக்குப் பெயர் வைப்பது அது எங்கிருந்து வருகிறது என்பதை வைத்து. தென்மேற்குக் காற்று என்றால் தென்மேற்கிலிருந்து வருவது. பாகைக் கணக்கும் அப்படித்தான்: 90 என்றால் கிழக்கிலிருந்து, 180 தெற்கிலிருந்து, 225 தென்மேற்கிலிருந்து, 270 மேற்கிலிருந்து. ஆனால் பெரும்பாலான செயலிகளில் அம்பு, காற்று போகும் பக்கத்தைப் பார்த்து நிற்கும். வடகிழக்கைப் பார்த்த அம்பு என்றால் தென்மேற்கிலிருந்து வரும் காற்று, நம் ஊர்ப் பேச்சில் கச்சான். ஆடியில் வர வேண்டியதுதான் வந்திருக்கிறது. வானிலை வரைபடங்களில் அம்புக்குப் பதிலாக ஒரு குச்சியும் அதன் நுனியில் சீப்புப் பல் போலக் கோடுகளும் இருக்கும். அங்கே பல் இருக்கும் முனைதான் காற்று வரும் பக்கம். முழுப் பல் ஒன்றுக்குப் 10 நாட், அரைப் பல்லுக்கு 5, முக்கோணக் கொடி இருந்தால் 50. சந்தேகம் வந்தால் அம்பை விட்டுவிட்டுப் பாகை எண்ணைப் பாருங்கள், அது குழப்பாது.

நம் கடற்கரையில் வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வருவது கச்சான், தெற்கிலிருந்து வருவது சோழகம். நடுவே வந்தால் இரண்டு பெயரையும் சேர்த்துச் சொல்வார்கள். ஊருக்கு ஊர் இதில் சின்ன வேறுபாடு உண்டு. அதனால் அப்பா ஒரு பெயரைச் சொன்னால் கையை நீட்டி எந்தப் பக்கம் என்று காட்டச் சொல்லுங்கள். அந்தப் பாகையைக் குறித்து வைத்துக்கொண்டால், பிறகு செயலியில் பார்ப்பதை அவர் பெயரிலேயே அவருக்குச் சொல்லலாம். 225 என்றால் அவருக்கு ஒன்றும் தோன்றாது. கச்சான் என்றால் எங்கே வலை விடலாம், எந்தப் பக்கம் கலங்கியிருக்கும், நீவாடு (நீரோட்டம்) எப்படி இழுக்கும் என்று எல்லாமே மனதில் ஓடும்.

இப்போது கஸ்ட். கேள்வியில் நீங்கள் 24-ஐப் பற்றித்தான் அதிகம் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு 33-ஐப் பற்றித்தான் கவலை.

காற்று ஒரே சீராக அடிப்பதில்லை. ஏறும், இறங்கும். 'காற்றின் வேகம்' என்று சொல்லப்படுவது ஒரு சராசரி. உலக அளவில் ஒப்புக்கொண்ட முறைப்படி, திறந்த வெளியில் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில், 10 நிமிடங்களுக்கு எடுத்த சராசரி அது. நம் வானிலைத் துறை புயல் காற்றுக்கு 3 நிமிடச் சராசரியை வைத்துக்கொள்கிறது. அந்தச் சராசரிக்குள் சில வினாடிகள் மட்டும் எகிறும் வீச்சு இருக்கிறதே, அதுதான் கஸ்ட். வழக்கமாக 3 வினாடிக் கணக்கு. அறிக்கையில் "இடையிடையே 65" என்று வரும் சொல் இதைத்தான் குறிக்கிறது. வானொலியில் வேகமாக வாசிக்கும்போது அந்த 'இடையிடையே' காதில் விழாமலே போய்விடுகிறது. மூன்று வினாடிதானே என்று விடவும் முடியாது. படகு ஓர் அலையின் மேல் பக்கவாட்டாக நிற்கும் நேரம் அதற்கும் குறைவு.

இங்கே ஒரு கணக்கைப் புரிந்துகொண்டால் போதும். காற்று ஒரு பொருளின் மீது தரும் அழுத்தம், வேகம் ஏறும் அளவில் ஏறாது, வேகத்தின் இருமடியாக ஏறும். 20 கிலோமீட்டர் காற்று 40 ஆனால் தள்ளும் விசை இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. உங்கள் எண்களையே போட்டுப் பாருங்கள். 44-லிருந்து 61 என்றால் பார்வைக்குப் பதினேழு கிலோமீட்டர்தான் கூடுதல். விசையோ ஏறக்குறைய இரண்டு மடங்கு. சராசரிக் காற்றுக்குச் சமாளித்துப் போய்க்கொண்டிருக்கும் படகின் மீது, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் இன்னொரு அதே அளவு காற்று வந்து ஏறுகிறது. படகு கவிழ்வது பெரும்பாலும் இந்த நொடியில்தான். அதனால் முடிவெடுக்க வேண்டிய எண் கஸ்ட். சராசரி என்பது நாள் முழுக்க எவ்வளவு அலை எழும், எவ்வளவு டீசல் கூடுதலாகப் போகும் என்பதற்கான எண்.

நம் தீவுக்காரர்களுக்கு இதை ரயிலே சொல்லிக் கொடுத்திருக்கிறது. 1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் காற்றளவி ஒன்று இருந்தது. காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் விழாது, ரயில் நின்றுவிடும். சிறுவயதில் பாம்பன் நிலையத்தில் ரயில் காத்துக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். நடைமேடையில் சட்டை படபடக்கும், ஆனால் நடக்க முடியாத காற்றாகத் தோன்றாது. எதற்கு நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று கேட்டதற்கு, "இங்கே அடிக்கிறது வேற, பாலத்து மேல அடிக்கிறது வேற" என்றார் என் மாமா. அந்த ஒரு வாக்கியத்தில் நான் பின்னால் கற்ற பாதி வேலை இருக்கிறது. இரும்பு ரயிலையே நிறுத்திய 58-ஐவிட உங்கள் செயலியில் இருந்த கஸ்ட் அதிகம் என்பதை அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள். நான் சொல்வதைவிட அது அவருக்கு நன்றாகப் புரியும்.

வானிலை அறிக்கையில் உள்ள 'சூறாவளிக்காற்று' என்ற சொல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்டுப் புயல் வருகிறது என்று பயப்படுகிறவர்களும் உண்டு, புயல் வராததால் அறிக்கை பொய் என்று முடிவு கட்டுகிறவர்களும் உண்டு. இரண்டாவது வகையினர்தான் ஆபத்தில் இருப்பவர்கள். அங்கே அந்தச் சொல்லுக்குப் பொருள், திடீர் திடீரென்று ஏறி அடிக்கும் பலத்த காற்று, அவ்வளவுதான். புயல் என்று பெயர் பெறவே காற்றின் சராசரி 62 கிலோமீட்டரைத் தொட வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று வலுத்த நாட்களில் எந்தத் தாழ்வு மண்டலமும் இல்லாமலே மன்னார் வளைகுடாவில் 45, 55 வரும்.

ஏன் அங்கே அவ்வளவு? மேற்குத் தொடர்ச்சி மலை பருவக்காற்றைத் தடுத்து நிறுத்துகிறது, ஆனால் சில இடங்களில் வாசல் திறந்திருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய், செங்கோட்டைக் கணவாய், ஆரல்வாய்மொழிக் கணவாய். குறுகிய வாசல் வழியே நெருக்கியடித்து வரும் காற்று வேகம் பிடிக்கிறது. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பது இதனால்தான். கணவாய் தாண்டி சமவெளியில் ஓடிவரும் காற்றுக்குத் தூத்துக்குடிக் கரையைத் தாண்டியதும் தடுக்க மரமோ மேடோ இல்லை. கடல்மேல் அது இன்னும் வேகம் கூடும். மே கடைசியில் தொடங்கி செப்டம்பர் வரை இந்தக் கதைதான்.

சரி, இனி மூன்றாவது சாட்சி: குளம் போலக் கிடந்த கடல். இதைத்தான் நான் ஆக முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

நீங்கள் நின்றது வடக்குக் கரையில். காற்று வந்தது தென்மேற்கிலிருந்து. அதாவது காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து, தீவைத் தாண்டி, கடலை நோக்கிப் போகிறது. உங்கள் பின்னால் பனைகளும் வீடுகளும் இருக்கின்றன. தரைக்கு அருகே காற்று அவற்றில் உரசி அடங்குகிறது. கரையோரத் தண்ணீரில் அலை எழ இடமும் இல்லை. அலை என்பது காற்றின் வேகத்தால் மட்டும் வருவதில்லை. அந்தக் காற்று எவ்வளவு நேரம் அடித்தது, தண்ணீரின் மேல் எவ்வளவு தூரம் ஓடியது என்பதும் சேர்ந்துதான் அலை. கரையிலிருந்து கிளம்பும் காற்றுக்கு முதல் நூறு மீட்டரில் ஓடிய தூரமே கிடையாது. அதனால் குளம். இரண்டு கிலோமீட்டர் போனால் முழங்காலுக்குக் கீழான சிற்றலை. அதே 44 கிலோமீட்டர் காற்றில் இருபது கிலோமீட்டர் தள்ளிப் போனால் அலை ஒரு மீட்டரை நெருங்கும். தீவுக்கு வடக்கே உள்ள பாக் விரிகுடா ஆழம் குறைந்தது, அதனால் அங்கே நீண்டு உருளும் அலை வராது. மூன்று நான்கு வினாடிக்கு ஒன்றாக, செங்குத்தாக, அடுத்தடுத்து அடிக்கும். சிறிய படகுக்கு உயர்ந்த நீளமான அலையைவிட இது கொடியது.

அன்று காலை நீங்கள் அதே நேரத்தில் தெற்குவாடிக்கு நடந்து போய் மன்னார் வளைகுடாப் பக்கம் பார்த்திருந்தால் வேறு கடலைப் பார்த்திருப்பீர்கள். அலைகள் நுரைத்து வந்து கரையில் உடைந்துகொண்டிருந்திருக்கும். ஒரே தீவு, ஒரே காற்று, நடந்துபோகும் தூரத்தில் இரண்டு கடல். கச்சான் காலத்தில் தெற்கு கலங்கும், வடக்கு அடங்கும். ஐப்பசிக்கு மேல் வாடை தொடங்கினால் அப்படியே தலைகீழாகும். அதனால்தான் நம் ஆட்கள் பருவத்துக்குப் பருவம் கரை மாறித் தொழில் செய்தார்கள். அது பழைய, நல்ல அறிவு. ஆனால் அந்த அறிவின் முழு வடிவம், "கச்சானில் வடக்குக் கரையோரம் தொழில் செய்யலாம்" என்பதுதான். "கச்சானில் வடக்கே எவ்வளவு தூரமும் போகலாம்" என்று எந்தப் பெரியவரும் சொன்னதில்லை.

கரையை விட்டுத் தள்ளும் காற்றில் இன்னொரு ஆபத்து. போகும்போது காற்று முதுகில் இருக்கும். படகு லேசாக ஓடும், காற்றோடு சேர்ந்து போவதால் அது குறைவாகவே தெரியும். 44 கிலோமீட்டர் காற்றில் நீங்கள் அதே திசையில் 15 கிலோமீட்டர் வேகத்தில் போனால் முதுகில் உணர்வது 29 மட்டுமே. திரும்பும்போது அதே காற்று எதிரே வந்து 59 ஆக முகத்தில் அடிக்கும். அலையும் எதிர். வெளியே போக ஒரு மணி நேரம் ஆனதென்றால் திரும்பவும் ஒரு மணி நேரம் என்று போட்ட டீசல் கணக்கு அங்கே உடையும். என் பதினெட்டு வயதில் மாமாவோடு வடக்கே போய், திரும்ப முடியாமல், கரை கண்ணுக்குத் தெரிந்துகொண்டே நான்கு மணி நேரம் போராடி வந்தோம். தண்ணீரை இறைத்து இறைத்து என் கை மரத்துப் போனது. கரையில் இறங்கியபோது அங்கே கடல் அமைதியாக இருந்தது. எங்களைப் பார்த்தவர்களுக்கு நாங்கள் சொன்னது நம்பும்படியாக இல்லை.

எஞ்சின் நின்றுவிட்டால்? கச்சான் படகை வடகிழக்கே தள்ளும். அந்தத் திசையில் என்ன இருக்கிறது என்று உங்கள் வீட்டில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ராமேஸ்வரத்திலிருந்து கச்சத்தீவு இருபது கிலோமீட்டர் சொச்சம்தான், எல்லைக் கோடு அதற்கும் முன்பே வந்துவிடும். மணிக்கு இரண்டு கிலோமீட்டர் நகர்ந்தால்கூட ஓர் இரவு போதும். மன்னார் வளைகுடாவின் மேற்குக் கரையில் எஞ்சின் பழுதானால் உயிர் பயம். வடக்கே கச்சானில் பழுதானால் அதோடு சிறை பயமும் சேரும். நங்கூரமும் அது தரையில் பிடிக்கத் தேவையான நீளக் கயிறும் படகில் இருக்கிறதா என்று தம்பியிடம் கேளுங்கள். ஆழம் குறைந்த கடல் என்பதால் நங்கூரம் அங்கே உண்மையிலேயே காப்பாற்றும்.

செயலிக்குத் திரும்புவோம். அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் அதை எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரியும். பூமியை வலைக்கண்கள் போலச் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்துக்கும் கணினி ஒரு காற்றைக் கணக்கிடுகிறது. இந்தக் கணக்கு முறைக்குத்தான் மாடல் என்று பெயர். அமெரிக்காவின் ஜி.எஃப்.எஸ். மாடல் செயலிகளில் வரும்போது பெரும்பாலும் ஏறக்குறைய 27 கிலோமீட்டர் சதுரம். ஐரோப்பிய மையத்தின் மாடல் 9 கிலோமீட்டர். 27 கிலோமீட்டர் சதுரத்தில் பாம்பனும் ராமேஸ்வரமும் சேர்ந்தே அடங்கிவிடும். அந்தக் கணினிக்கு நம் தீவே தெரியாமல் போகலாம். வடக்குக் கரைக்கும் தெற்குக் கரைக்கும் வேறுபாடு அது சொல்லாது. அதை நீங்கள்தான் திசையை வைத்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அதனால் செயலியில் ஊர்ப் பெயரைத் தேடிப் பார்க்காதீர்கள். தரைச் சதுரம் வந்துவிட்டால் காற்று குறைத்துக் காட்டும். அப்பா வலை விடும் இடத்தில், கடலின் மேல், விரலை வைத்துப் பாருங்கள். திரும்பும் வழியில் ஓரிடத்தையும், திரும்பும் நேரத்துக்கே, பாருங்கள். பிறகு மாடலை மாற்றிப் பாருங்கள். இரண்டு மாடலும் ஒரே மாதிரி சொன்னால் நம்பிக்கை கூடும். ஒன்று 14, ஒன்று 24 என்றால் 24-ஐ வைத்து முடிவு செய்யுங்கள். ஜி.எஃப்.எஸ். நாளுக்கு நான்கு முறை புதிதாகக் கணக்கிடப்படுகிறது. நம் நேரப்படி காலை 5.30 நிலவரத்தை வைத்துப் போட்ட கணக்கு கைக்கு வர முற்பகல் ஆகிவிடும். எனவே கிளம்பும் முன் ஒரு முறை திரும்பத் திறந்து பார்ப்பது அவசியம், முதல்நாள் எடுத்த திரைப்பதிவு போதாது. இரண்டு மூன்று நாட்கள் வரை காற்றுக் கணிப்பு நன்றாகவே இருக்கும். ஐந்து நாளுக்கு மேல் போனால் ஏறுமா இறங்குமா என்ற போக்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், எண்ணை எடுக்காதீர்கள்.

ஒன்றை மட்டும் எந்தச் செயலியும் முன்கூட்டி இடம் குறித்துச் சொல்லாது: இடிமேகம். பருவக்காற்று பெரிய வண்டி, வருவது தூரத்திலேயே தெரியும். இடிமேகம் ஒரு மணி நேரத்தில் திரண்டு, மழையோடு குளிர்ந்த காற்றை மேலிருந்து கீழே கொட்டும். அந்தக் காற்று கடலில் மோதி நாலாபக்கமும் பரவும்போது திசையே மாறும். கச்சான் அடித்துக்கொண்டிருந்த இடத்தில் திடீரென்று வடக்கிலிருந்து சில்லென்று அறையும். மழை வந்து சேர்வதற்கு முன்பே காற்று வந்துவிடும் என்பதை மறக்கக் கூடாது. கறுத்த மேகம், அதன் அடியில் கடல் நிறம் மாறுவது, காற்று சட்டென்று நின்று குளிர்வது, இவை மூன்றும் சேர்ந்தால் வலையை விட்டுவிட்டுப் படகின் தலையை அந்தப் பக்கம் திருப்ப வேண்டியதுதான். வீட்டில் இருப்பவர் உதவ முடிவது இங்கே ரேடார் படத்தால். காரைக்கால் ரேடாரும் வானிலைத் துறை வெளியிடும் மூன்று மணி நேர எச்சரிக்கையும் இதற்கானவை. தென்காசி, தேனிப் பக்கம் வாழைக்காரர்கள் கோடை மழைக்கு முன் அஞ்சுவதும் இந்தக் காற்றுக்குத்தான். நாலு நிமிடத்தில் தோப்பே சாய்ந்துவிடும்.

தரையில் அளந்து பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: கையில் பிடிக்கும் காற்றளவி நல்ல கருவிதான், ஆனால் நிற்கும் இடம் முக்கியம். திறந்த வெளியிலேயே தலை உயரத்தில் காட்டுவது, 10 மீட்டர் உயரக் காற்றில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு. காற்றாலைகள் நிற்கும் 100 மீட்டர் உயரத்தில் அதே காற்று நாற்பது விழுக்காடு கூடிவிடும். பனைகளுக்குப் பின்னால் நின்றால் எந்தக் கணக்கும் உதவாது. தரையில் பகலில் கஸ்ட் அதிகம் இருப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. வெயிலில் தரை சூடாகிக் காற்று மேலும் கீழும் கலங்கும்போது, உயரத்தில் ஓடும் வேகக்காற்று துண்டு துண்டாகக் கீழே இறங்கி அடிக்கிறது. இரவில் தரை குளிர்ந்ததும் அந்தக் கலக்கம் நிற்கிறது, ஊருக்குள் காற்று அடங்குகிறது. கடலுக்கு இந்தப் பகல் இரவு வேறுபாடு மிகக் குறைவு. ஆகவே ராத்திரி வீட்டு முற்றத்தில் காற்று விழுந்ததை வைத்து, "கச்சான் இறங்கிவிட்டது" என்று முடிவு செய்யவே கூடாது. நான் பார்த்த தவறுகளில் அதிகம் நடப்பது இதுதான்.

கருவி இல்லாமலும் பார்க்கலாம். 1805-ல் பிரான்சிஸ் போஃபோர்ட் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி வகுத்த அளவுகோல் கண்ணால் பார்ப்பதை வைத்தே வளர்ந்தது. அலைத் தலைகளில் அங்கங்கே நுரை தெரியத் தொடங்கினால் 15 கிலோமீட்டர் அளவு. நுரைத் தலைகள் அடிக்கடி தெரிந்தால் 20-க்கும் 30-க்கும் நடுவே. நுரையோடு சாரலும் தெறிக்கத் தொடங்கினால் 40-ஐ ஒட்டி. கரையில், மின்கம்பி ஊளையிட்டால், குடையைப் பிடிக்க முடியாவிட்டால் அது 40-ஐத் தாண்டிவிட்டது. முழு மரமும் ஆடி, எதிர்க்காற்றில் நடப்பது சிரமமானால் 50. ஆனால் இந்த அடையாளங்களைக் காற்று வரும் பக்கத்துக் கரையில் நின்று பாருங்கள். கச்சானைத் தெற்குவாடியில் பார்க்க வேண்டும், வாடையை வடக்குக் கரையில்.

காற்றே இல்லாமல் கடல் பொங்கும் நாளும் உண்டு. தெற்கே மிகத் தொலைவில் இந்தியப் பெருங்கடலில் அடித்த புயல்களின் அலை, நாட்கள் கழித்து நீண்ட உருளலாக வந்து குமரி, கேரளக் கரைகளில் ஏறும். கள்ளக்கடல் என்று அதற்கு அங்கே பெயர். காற்றுப் பக்கத்தை மட்டும் பார்த்தால் அது தெரியாது. ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனத்தின் கடல் நிலை அறிவிப்பில் அலை உயரத்தையும் சேர்த்துப் பாருங்கள். பாம்பனிலேயே கடல் ஓசை வானொலி, 90.4-இல், இதையெல்லாம் நம் பேச்சில் சொல்கிறது. துறைமுகத்தில் ஏற்றும் கூண்டையும் கவனியுங்கள். 1-ம் எண் என்றால் ஆபத்து தூரத்தில் உருவாகிறது. 3-ம் எண் என்றால் பலத்த காற்று நம் துறைமுகத்துக்கே வருகிறது.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி குமரிக்கடலில் ஒரு நாளுக்குள் தாழ்வு மண்டலத்திலிருந்து புயலானது. அப்போது கடலில் இருந்தவர்களில் பலர் நாட்கணக்கில் தங்கித் தொழில் செய்யப் போயிருந்தார்கள், அவர்களுக்குச் சேதி போய்ச் சேரவில்லை. காலையில் போய் மாலை திரும்பும் உங்கள் வீட்டாருக்கு அந்த நிலை வேண்டாம். கரையோடு பேச வி.எச்.எஃப். வானொலிக் கருவி படகில் இருக்கட்டும், எத்தனை மணிக்கு எந்த இடத்தில் இருப்பார்கள் என்பது உங்கள் கையில் எழுதி இருக்கட்டும்.

ஒரு நோட்டு போடுங்கள். நாள், செயலி சொன்ன சராசரி, கஸ்ட், திசை, எந்த மாடல். மாலையில் அப்பா வந்ததும், வெளியே உண்மையில் எப்படி இருந்தது என்று ஒரு வரி. 'வலை விட்ட இடத்தில் லேசு, திரும்பும்போது முகத்தில் சாரல்' என்று அவர் சொல்வதை அப்படியே எழுதுங்கள். ஆடி முழுக்க எழுதினால், எந்தத் திசையில் செயலி குறைத்துச் சொல்கிறது, எத்தனை நாட் காட்டும்போது அப்பா சிரமப்பட்டிருக்கிறார் என்பது தெளிவாகிவிடும். அந்த எண் உங்கள் படகுக்கானது, வேறு யாரும் தர முடியாது. நான் கோபுரங்களில் வேலை பார்த்த காலம் முழுக்க இப்படித்தான் எழுதினேன், இப்போதும் எழுதுகிறேன்.

இனி நீங்கள் கேட்ட அந்த வியாழக்கிழமை. 44 சராசரி, 61 கஸ்ட், திசை தென்மேற்கு, மன்னார் வளைகுடாவுக்கு எச்சரிக்கை. வடக்குக் கரை குளமாக இருந்தாலும் பைபர் படகு இறங்கக் கூடாத நாள் அது. அப்பா அன்று போகவில்லை என்று எழுதியிருந்தீர்கள், படித்ததும் நிம்மதியாக இருந்தது. இனி எச்சரிக்கை விலகி, இரண்டு மாடலும் கஸ்டை 35 கிலோமீட்டருக்குக் கீழே காட்டும் நாளில், வடக்கே கரையோரம், தீவின் பனைகள் தனித்தனியாகத் தெரியும் தூரத்துக்குள் வலை விடச் சொல்லுங்கள். திரும்பும் நேரத்தை மட்டும் எதிர்க்காற்றுக்கு ஏற்ப இரண்டு மடங்காகக் கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.